நலம் வேண்டா நோயும் பட்டினி இலக்கியமும்

1

நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், அவற்றுள் நோயாளியையே முதலில் வைத்தார். நோயாளியும் மருத்துவத்தின் ஒரு பங்காளி என்பதே இதன் கருத்து எனலாம். நலம் பெறவேண்டும் என்ற விருப்பம் நோயுற்றவரிடம் இயல்பாகவே இருக்கும் என்ற எண்ணத்தின் மீதுதான் உலகெங்கும் வைத்தியம் கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது. ஆனால், அந்த விருப்பமே நோய்ப்பட்டுவிடும் நிலையும் உண்டு. உண்ண மறுத்து உடலை உருக்கிக்கொள்ளும் உணவு மறுப்பு நோய் அத்தகையது.

1873ஆம் ஆண்டிலே பாரிசில் சார்ள்ஸ் லசேக் என்பவரும், லண்டனில் சேர் வில்லியம் கல் என்பவரும் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். 'அனொரெக்சியா நெர்வோசா' என்ற பெயர் கல் வழங்கியது. பெயர் லண்டனில் பிறந்ததெனினும் நோயின் உள்ளத்தைக் கண்டவர் லசேக்கே. அவருடைய நோயாளிப் பெண்கள் நலத்துக்காக ஏங்கவில்லை. தமது நிலைமையில் ஒருவகைத் திருப்தியோடு இருந்தனர். சுற்றத்தார் முதலில் கெஞ்சினர், பின்பு அதட்டினர். கெஞ்சலும் அதட்டலும் எத்துணை கூடினவோ அத்துணை உணவும் குறைந்தது. உளநோய்களுள் இறப்பு வீதம் மிகக் கூடியவற்றுள் ஒன்றாக இந்நோய் இன்று கணிக்கப்படுகிறது. அவ்வாறிருந்தும், இதனால் நலிவோர் பலர் நோயை விட்டுப் பிரிய அஞ்சுகின்றனர். ஒரு கையால் உதவி கேட்டு, மறு கையால் அதனைத் தள்ளுகின்றனர். இந்த இருமனப்பாட்டை இலக்கியம் எவ்வாறு சித்திரித்திருக்கிறது? அச்சித்திரிப்பு நேர்மையானதா? இவ்விரு வினாக்களையே நாம் இங்கு ஆராய முயல்கிறோம்.

முற்போக்கு எழுத்தில் ஈடுபாடுடைய நண்பர்கள் உடனேயே ஒரு தடையை எழுப்புவர் என்பதை நாம் அறிவோம். "உணவில்லாமல் மக்கள் வாடும் உலகிலே, உணவிருந்தும் உண்ண மறுப்போரின் துயரம் நமக்கு எதற்கு? இது வயிறு நிறைந்தவர்களின் வியாதியல்லவா?" என்று அவர்கள் கேட்பர். தடை நியாயமானதே; ஆனால் அதன் அடியிலுள்ள தகவல் பிழையானது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில், இலவச உணவு வழங்கும் நிலையங்களை நாடி வந்த வறியோரிடையே கரோலின் பெக்கர் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. உணவுப் பற்றாக்குறை கூடக் கூட, உணவு பற்றிய உளக்கோளாற்றின் அறிகுறிகளும் கூடுவதையே அது காட்டியது. வறுமை இந்நோய்க்குக் கவசமன்று.

பீஜித் தீவின் உதாரணமும் கவனத்திற்குரியது. அங்குள்ள நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி 1995இலேதான் வந்தது. பருத்த உடலை அழகென்றும் ஆரோக்கியமென்றும் போற்றிய சமூகம் அது. தொலைக்காட்சி வந்து சில வாரங்களிலும், பின்பு 1998இலும் பாடசாலை மாணவியரிடம் மானிடவியலாளர் ஆன் பெக்கர் ஆய்வு நடத்தினார். உணவு பற்றிய கோளாறான மனப்பாங்கைக் காட்டும் மதிப்பெண் பெற்றோர் 1995இல் நூற்றுக்கு 12.7 ஆக இருந்தனர். 1998இல் அது 29.2 ஆயிற்று. இரு தடவையும் ஆராயப்பட்டோர் அறுபது பேருக்குச் சற்று மேற்பட்டோரே. சிறிய ஆய்வெனினும், பொருள்களை விற்க வந்த திரை, பெண்ணின் உடலையும் ஒரு பொருளாகக் கண்டு திருத்தக் கற்பித்தது என்பதை அது உணர்த்துகிறது.

ஆயினும் எல்லாவற்றையும் சந்தையின் தலையிலே கட்டிவிடுவதும் பொருளியல்வாதத்தின் கொச்சையான வடிவமே ஆகும். தொலைக்காட்சிக்கு நெடுங்காலம் முன்பே இந்நோய் இருந்தது. ஏறக்குறையப் பதினேழாயிரம் நோயாளரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, இந்நோயுடன் தொடர்புடைய எட்டு மரபுக் கூறுகளைச் சுட்டியது. அவற்றிற் சில உடலின் ஆக்கச்சிதைவுத் தொழிற்பாட்டோடும் தொடர்புடையவை. உடல், குடும்பம், சமுதாயம் ஆகிய மூன்றும் பின்னிப் பிணைந்த முடிச்சு இது. ஒரே இழையைப் பிடித்து இழுக்கும் விமர்சனம் முடிச்சை மேலும் இறுக்கும்.

2

இத்துறையில் முதலில் நினைவுக்கு வரும் ஆக்கம், பிரான்ஸ் காஃப்காவின் 'பட்டினிக் கலைஞன்' என்ற சிறுகதையாகும். 1922இல் ஜெர்மன் சஞ்சிகை ஒன்றிலே அது வெளிவந்தது. காசு பெற்றுக்கொண்டு பொதுமக்கள் முன்னிலையில் பட்டினி கிடந்து காட்டுவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய நகரங்களில் உண்மையாகவே இருந்தனர். இத்தாலியரான ஜியோவன்னி சுச்சி அவர்களுட் பெயர் பெற்றவர். அத்தகைய ஒருவனைக் கூண்டுக்குள்ளே வைத்துக் கதை நடத்துகிறார் காஃப்கா.

கலைஞனுக்கும் அவனைப் புரிந்துகொள்ளாத சமுதாயத்துக்கும் உள்ள பிளவின் உருவகம் என்றே இக்கதையைப் பலரும் விளக்கி வந்துள்ளனர். அவ்விளக்கம் பிழையன்று. ஆயினும் கதையை உருவகமாக மட்டும் வாசிக்கும்போது பட்டினி கிடக்கும் உடல் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. கதையை அதன் நேர்ப்பொருளிலும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு வாசிப்போருக்கு மூன்று செய்திகள் தெளிவாகும். முதலாவது, பட்டினிக்கு நாற்பது நாள் என எல்லை வகுப்பவன் கலைஞனல்லன்; அவனைக் காட்சிப்படுத்தும் முதலாளியே. அந்த எல்லையும் உடல்நலம் கருதி வகுத்ததன்று. ஒரு நகரத்து மக்களின் ஆர்வம் அவ்வளவு நாட்களே நீடிக்கும் என்ற வியாபாரக் கணக்கு அது. இரண்டாவது, கலைஞனோ நாற்பதாம் நாள் நிறுத்தப்படுவதையே பெருந்துயராகக் கருதுகிறான். அவன் முகத்திலுள்ள வாட்டத்தைக் கண்டு, பட்டினியே அதற்குக் காரணம் என முதலாளி ஊருக்கு விளக்குகிறான். பட்டினி நின்றுபோனதனால் வந்த துயரம், பட்டினியால் வந்த துயரமாகக் காட்டப்படுகிறது. நோயாளி ஒருத்திக்கும் அவளது வீட்டாருக்குமிடையே நாள்தோறும் நிகழும் பேதம் இதுவேயல்லவா? உண்டால் துயர் தீரும் என வீட்டார் நம்புகின்றனர். உண்பதே அவளுக்குத் துயராக இருக்கின்றது.

மூன்றாவது செய்தி கதையின் இறுதியில் வருகிறது. சர்க்கஸ் கூடாரத்தின் மூலையில் எல்லோராலும் மறக்கப்பட்டு வைக்கோலுக்குள் கிடக்கும் அவன், கண்காணிப்பாளனிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறான். மற்றவர் தன்னைப் போற்றவேண்டும் என்றே எப்பொழுதும் விரும்பினான். ஆயினும் போற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை. தனக்குப் பிடித்த உணவு எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எல்லோரையும் போல அவனும் உண்டிருப்பான். நோயின் இருமனப்பாட்டை இவ்வளவு சுருக்கமாக வெளியிட்ட இடம் வேறு உண்டோ என்பது ஐயமே. பெருமையும் இயலாமையும் ஒரே மூச்சில் அங்கு வெளிப்படுகின்றன. தவம் போலத் தோற்றியது தவமன்று. வேறு வழி தெரியாமையே என்று அவன் வாயாலேயே சொல்லவைக்கிறார் ஆசிரியர்.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையோடு இருத்தல் நன்று. உணவை மறுத்தலைப் பெருமையாக எண்ணும் பழக்கம் நமது இலக்கிய மரபிலே ஊறியது. வடக்கிருந்து உயிர் நீத்த கோப்பெருஞ்சோழனைச் சங்கப் புலவர்கள் போற்றினர். பிற்காலத்தில் அரசியல் உண்ணாவிரதமும் அந்த மதிப்பைப் பெற்றது. ஆனால் வடக்கிருத்தலுக்கும் அரசியல் உண்ணாவிரதத்துக்கும் புறத்தே ஒரு காரணம் உண்டு. அரசியல் உண்ணாவிரதத்துக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. கோரிக்கை நிறைவேறினால் அது முடிந்துவிடும். நோய்ப் பட்டினிக்கு முடிவு என்பதே கிடையாது. எந்த அளவை எட்டினாலும் அது போதாது. இவ்வேறுபாட்டைக் காணாது இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் 'புலனடக்கம்' என்று பாராட்டுவோர் தம்மையறியாமலே நோயின் பக்கம் சேர்ந்துவிடுகின்றனர்.

காஃப்காவின் குறைபாடும் சொல்லப்பட வேண்டியதே. கலைஞன் இறந்ததும் அவனது கூண்டிலே இளஞ்சிறுத்தை ஒன்று அடைக்கப்படுகிறது. அதன் உயிர்த்துடிப்பைக் காணக் கூட்டம் திரள்கிறது. பட்டினி, அல்லது விலங்கின் பசி: இவையிரண்டையும் தவிர வேறு வாழ்வு கதையில் இல்லை. பிடித்த உணவு கிடைக்காதவனோடு அமர்ந்து அதைத் தேடிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. தொண்டையைத் தாக்கிய காசநோயினால் தாமே உண்ண முடியாத நிலையில், 1924இல் மரணப் படுக்கையில் இக்கதையின் அச்சுப்படிகளைத் திருத்திய காஃப்காவின் நிலை உள்ளத்தை உருக்குவது. எனினும் ஆசிரியர் மீதுள்ள இரக்கம், ஆக்கத்தின் எல்லையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடலாகாது.

3

எல்லன் வெஸ்ட் என்ற புனைபெயரால் அறியப்படும் பெண்ணின் வரலாறு புனைகதையன்று. ஆயினும் இலக்கியமாகவே வாசிக்கப்பட்டு வருவது. சுவிட்சர்லாந்தின் குறொய்ட்ஸ்லிங்கனில் லுட்விக் பின்ஸ்வாங்கர் நடத்திய வைத்திய நிலையத்திற்கு 1921இல் வந்தவர் அவர். நாட்குறிப்புகளும் கவிதைகளும் எழுதியவர். அவற்றை ஆதாரமாகக் கொண்டு பின்ஸ்வாங்கர் எழுதிய நீண்ட ஆய்வு 1944-45இலே வெளிவந்தது.

எல்லன் வெஸ்ட் செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் தமது வீட்டின் சுகபோகத்துக்கும் வெளியே மக்கள் படும் துன்பத்துக்கும் உள்ள இடைவெளியைக் கண்டு கொதித்தார். சமுதாய மாற்றத்தைக் கனவு கண்டார். சிறுவர்க்கான வாசிகசாலை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். இவருடைய காதல் விடயத்திலே தந்தையின் விருப்பமே மேலோங்கியது. ஆற்றலும் இலட்சியமும் உடைய ஒருவர் உலகை மாற்றும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட பின், மாற்றுவதற்கு எஞ்சியது தமது உடல் ஒன்றே என்ற நிலைக்கு வந்தார் என்று இவ்வரலாற்றை வாசிக்க இடமுண்டு. அவரது எழுத்தில் இரு விருப்பங்கள் ஒன்றையொன்று கழுத்தை நெரிக்கின்றன: மெலிய வேண்டும் என்ற வெறி ஒன்று, உண்ண வேண்டும் என்ற தணியாத வேட்கை மற்றொன்று. நலம் வேண்டும், ஆனால் நலத்தின் விலையாகிய உடல் வேண்டாம் என்பதே அவரது இக்கட்டு.

இதனை வைத்தியர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர்? ஒய்கன் புளொய்லர் முதலிய பெரும் நிபுணர்கள் கூடி ஆலோசித்தனர், நோய்க்குப் பெயர் சூட்டினர், தீர்வதற்கு வழியில்லை எனக் கண்டனர், வீட்டுக்கு அனுப்பினர். வீடு சென்ற சில நாட்களில் அவர் தமது உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவருக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. அந்த இறுதி நாட்களின் அமைதியைக் கண்டு, அவரது வாழ்வு மரணத்திலேதான் நிறைவெய்தியது எனும்படியாகத் தத்துவ விளக்கம் தருகிறார் பின்ஸ்வாங்கர். இவ்விளக்கத்தை நாம் முற்றாக மறுக்க வேண்டியவர்களாயிருக்கிறோம். கைவிடப்பட்ட ஒருவரின் மரணத்தை அவருடைய சுயத்தின் நிறைவு என்று அழைப்பது, கைவிட்டவர்களின் குற்றத்தைத் தத்துவத்தால் மூடுவதாகும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் றொஜர்ஸ் இவ்வரலாற்றை ஆராய்ந்தபோது சுட்டியதும் இதுவே: பிறர் தீர்மானங்களே அவரைத் தம்மிடமிருந்து அந்நியராக்கின, வைத்தியர்களும் அவரைப் பொருளாகவே நடத்தினர், மனிதராகச் சந்திக்கவில்லை.

இலக்கிய மாணவர் இதிலிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றுண்டு. மரணத்தில் அழகு காணும் போக்கு நமது எழுத்திலும் குறைவில்லை. நோயாளியின் இருமனத்தில் ஒரு பாதியை மட்டும் கேட்டு, அதுவே அவரது 'உண்மைக் குரல்' என்று தீர்ப்பளிப்பதே அப்போக்கின் அடிப்படைத் தவறு. எல்லன் வெஸ்ட் உண்ணவும் விரும்பினார், வாழவும் விரும்பினார். அந்தக் குரலும் அவருடையதே.

4

நோயிலிருந்து மீண்டு வந்து, மீட்சியின்போது எழுந்த தயக்கத்தையும் மறைக்காமல் எழுதியவர் அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் கிளிக். 2020இல் நோபல் பரிசு பெற்று, 2023இல் காலமான இவர், 1980இல் வெளிவந்த தமது தொகுதியிலுள்ள 'பசிக்கு அர்ப்பணம்' என்ற கவிதை வரிசையில் இந்நோயைத் தொட்டார். பின்பு கவிஞரின் கல்வி பற்றிய உரைநடைக் கட்டுரையிலே அதனை விரிவாக ஆராய்ந்தார். உயர்பள்ளியின் இறுதி ஆண்டில் படிப்பை விட்டு, ஏழாண்டுகள் உளப்பகுப்புச் சிகிச்சை பெற்றவர் அவர்.

அக்கட்டுரையின் சிறப்பு, அது நோயைப் பழிக்காமலும் புகழாமலும் விளக்க முற்படுவதாகும். தம்மை அழித்துக்கொள்வது நோயாளியின் நோக்கமன்று. வேறு கருவிகள் கைக்கெட்டாதபோது, கிடைத்த ஒரே கருவியால் ஒரு 'நான்' என்பதைக் கட்டியெழுப்ப முயல்வதே நோக்கம். அழிவு அதன் விளைவாகிறது என்பது அவர் கருத்து. இதனால்தான் நலம் பெறுதல் இழப்பாகத் தோன்றுகிறது. நோயை விடு என்று கூறுவது, அரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டை இடி என்று கூறுவதாகவே நோயாளியின் செவியில் விழுகிறது. கிளிக்குக்கு இன்னோர் அச்சமும் இருந்தது. தாம் முழுமையாகக் குணமடைந்துவிட்டால் இனிக் கவிதை எழுதவே இயலாது போய்விடும் என்று தமது வைத்தியரைக் குற்றஞ்சாட்டினார். உலகமே வேண்டிய அளவு துயரத்தைத் தரும் என்ற பொருளில் வைத்தியர் விடையளித்தார். நோயே படைப்பின் ஊற்று என்று நம்பும் கற்பனாவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான மறுப்பு வேறில்லை. கிளிக் குணமடைந்தார், குணமடைந்த பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதினார்.

இவ்விடத்தில் வைத்திய ஆய்வு ஒன்றை இலக்கிய நோக்கோடு பார்ப்பது பயன் தரும். லண்டனில் லூசி சேர்ப்பெல், ஜனட் றெஷர் முதலியோர் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயாளிகள் தமது நோயை விளித்து இரு கடிதங்கள் எழுதுமாறு கேட்கப்பட்டனர்: நோயைத் தோழியாகக் கொண்டு ஒன்று, பகைவராகக் கொண்டு மற்றொன்று. தோழிக்கு எழுதியவற்றிலே, நீ என்னைக் காத்தாய், வாழ்வு என் கையில் இருப்பதாக உணரச் செய்தாய், மற்றவரினின்றும் என்னைச் சிறப்பித்தாய் என்னும் எண்ணங்கள் வந்தன. பகைவருக்கு எழுதியவற்றிலே, என் ஆண்டுகளைக் களவாடினாய், என் நண்பர்களைப் பிரித்தாய், உணவைத் தவிர வேறெதையும் எண்ண விடாது என் சிந்தையை அபகரித்தாய் என்பன வந்தன. இரண்டையும் எழுதியது ஒரே கை. காஃப்காவின் கதையிலும் பின்ஸ்வாங்கரின் ஆய்விலும் இரண்டாவது கடிதத்துக்கு இடம் இல்லாது போயிற்று என்றே நாம் கூறுவோம். கிளிக்கின் எழுத்தில் இரண்டும் உண்டு.

அப்படியாயின், நலம் பெறவேண்டும் என்ற விருப்பம் எங்கிருந்து பிறக்கிறது? குடிப்பழக்கமுடையோருடன் பணியாற்றிய வில்லியம் மில்லர் 1983இல் ஒரு முறையை முன்வைத்தார். புத்தி கூறாது, வாதாடாது, மாற்றத்துக்கான காரணங்களை நோயாளியின் வாயிலிருந்தே வரச்செய்யும் உரையாடல் முறை அது. உணவு மறுப்பு நோய்க்கும் அது பின்பு கையாளப்பட்டது. புத்திமதியே ஆசிரியத் தொழில் என்றெண்ணும் நம் போன்றோர் அம்முறையிலிருந்து கற்கவேண்டியவை பல. ஆனால் அதற்கும் எல்லையுண்டு. உளவியலாளர் கிளென் வாலர் 2012இல் எழுதிய கட்டுரையொன்றிலே, நோயாளியின் வாய்ச்சொல்லை விருப்பத்தின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்றும், சிறிய நடத்தை மாற்றமே மெய்யான சான்று என்றும் வாதிட்டார். விருப்பம் வரட்டும், பின்பு உண்ணலாம் எனக் காத்திருப்போர் காத்துக்கொண்டே இருக்க நேரிடும். உண்ணத் தொடங்கிய பின்னரே விருப்பம் மெல்லத் தலைகாட்டுவதும் உண்டு.

இதற்கு உடலியல் ஆதாரமும் உண்டு. 1944-45இலே அமெரிக்காவின் மின்னெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் நடத்திய பரிசோதனைக்கு, போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர் தாமாக முன்வந்தனர். போரால் பட்டினியுற்ற மக்களுக்கு எவ்வாறு மீள உணவூட்டுவது என்பதை அறிவதே நோக்கம். உடல்நலமும் மனநலமும் பார்த்துத் தெரிவு செய்யப்பட்ட அந்த இளைஞர்கள், ஆறுமாதக் குறையுணவின் பின் வேறு மனிதராயினர். சமையற் புத்தகங்களைச் சேர்த்தனர். உணவைத் துண்டாடி நெடுநேரம் வைத்து உண்டனர். நட்பிலும் சிரிப்பிலும் நாட்டம் இழந்தனர். சோர்ந்து தனிமையை நாடினர். உணவு மீண்டும் வழங்கப்பட்ட பின்பும் இவை உடனே நீங்கவில்லை. நோயாளியின் குணம் என்று நாம் கருதுவனவற்றுட் பல, பட்டினியின் குணங்களே என்பது இதனால் விளங்கும். உணர்வைப் பொருள்நிலை பாதிக்கும் என்ற உண்மையை மேடையிற் பேசும் நாம், பட்டினியால் நலிந்த மூளையிடம் மட்டும் தூய விருப்பத்தை முன்கூட்டியே கேட்பது முரண்பாடு. செயலும் விருப்பமும் ஒன்றையொன்று ஈன்று வளர்ப்பவை.

5

செயலே முதல் என்றால், வலிந்து ஊட்டலாமா? இவ்வினாவை அச்சமின்றி எழுப்பிய நாவல், 2024இல் நோபல் பரிசு பெற்ற கொரிய எழுத்தாளர் ஹன் காங்கின் 'மரக்கறி உண்பவள்'. கொரிய மொழியில் 2007இல் நூலுருப் பெற்ற இந்நாவலிலே, யொங்ஹே என்ற சாதாரண இல்லத்தரசி ஒரு கனவின் பின் இறைச்சி உண்பதை நிறுத்துகிறாள். வியட்நாம் போரிற் பதக்கம் பெற்ற தந்தை, குடும்பத்தார் முன்னிலையில் அவளை அறைந்து இறைச்சியை வாயினுள் திணிக்க முற்படுகிறார். இறுதிப் பகுதியில் அவள் எல்லா உணவையும் மறுத்து, மரமாகிவிட விரும்புகிறாள். வைத்தியசாலையிலே குழாய் மூலம் உணவு செலுத்த முயலும்போது தமக்கை இன்ஹே அதைத் தடுக்கப் பாய்கிறாள்.

நாவலின் அமைப்பே அதன் கருத்தைப் பேசுகிறது. கணவன், மைத்துனன், தமக்கை ஆகிய மூவரின் நோக்கிலேயே கதை நகர்கிறது; யொங்ஹேயின் குரலாக எஞ்சுவன சில கனவுத் துணுக்குகளே. அவளைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். அவளோடு பேசுவோர் அரிது. தந்தையின் கையும் வைத்தியசாலையின் குழாயும் ஒன்றே என்ற எண்ணத்துக்கு வாசகர் தள்ளப்படுகின்றனர். ஆணாதிக்கத்தின் வன்முறையை இத்துணைக் கூர்மையாகக் காட்டிய படைப்புகள் சிலவே.

எனினும் இந்நாவலை 'மறுப்பின் வெற்றி' என்று கொண்டாடுவோருடன் நாம் உடன்படவில்லை. அவ்வாறு கொண்டாடுவது பின்ஸ்வாங்கரின் தவற்றைப் புதிய மொழியிற் செய்வதேயாகும். நாவலின் அறம் மரமாக விரும்பிய தங்கையிடம் மட்டும் இல்லை. அழகுசாதனக் கடை நடத்தி, மகனை வளர்த்து, மழையிலும் வைத்தியசாலைக்கு வந்துபோகும் தமக்கையிடமும் இருக்கிறது. தானும் இதுகாறும் வாழவில்லை, பொறுத்துக்கொண்டு மட்டுமே இருந்தேன் என அவள் உணர்கிறாள். இருமனப்பாடு நோயாளிக்கு மட்டும் உரியதன்று என்ற பேருண்மை அங்கு வெளிப்படுகிறது. குழாயைத் தடுத்தவளே, தங்கையுடன் அம்புலன்சில் ஏறித் தலைநகருக்குச் செல்கிறாள். விட்டுவிடவும் அவளால் முடியவில்லை. வலிந்து பிடிக்கவும் முடியவில்லை. உடன் செல்ல முடிகிறது.

திணித்தலுக்கும் துணை நிற்றலுக்கும் வேறுபாடு உண்டு. இளவயதினர்க்கு இன்று பெரிதும் கைக்கொள்ளப்படும் குடும்பச் சிகிச்சை முறை லண்டனின் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவாகியது. அதன் முதலாய ஒப்பீட்டு ஆய்வு 1987இல் வெளிவந்தது. பிள்ளை தானே உண்ணும் ஆற்றலைத் திரும்பப் பெறும்வரை உணவின் பொறுப்பைப் பெற்றோர் ஏற்கின்றனர். பிள்ளையையோ பெற்றோரையோ குற்றவாளியாக்குவதில்லை. நோயை வேறாகவும் பிள்ளையை வேறாகவும் காண்கின்றனர். பிள்ளை தேறத் தேறப் பொறுப்பு அவளிடமே மீள்கிறது. பெரும்பாலும் அவளது மனம் இணங்கும் முன்பே இது தொடங்குகிறது. ஆயினும் அவளை எதிரியாக்குவதில்லை. ஹன் காங்கின் நாவலில் யொங்ஹேயின் தந்தைக்கு இவ்வேறுபாடு தெரியவில்லை. இன்ஹே அதைத் தட்டித் தடவித் தேடுகிறாள்.

6

இறுதியாக, தன்வரலாறுகள் பற்றியும் சில சொல்ல வேண்டும். அமெரிக்கரான மார்யா ஹோர்ன்பாக்கர் 1998இல் வெளியிட்ட தன்வரலாறு, மீட்சியை வெற்றி விழாவாகக் காட்டாத நேர்மையினால் மதிப்புப் பெற்றது. ஆனால் நிறைகளையும் அளவுகளையும் வழிமுறைகளையும் விரிவாகக் கூறியமையால், நோயின் பிடியிலுள்ளோர் சிலர் அதனையே கைந்நூலாகக் கொண்டனர். எச்சரிக்கையாக எழுதியது போட்டிக்கான அழைப்பாக வாசிக்கப்பட்டது. இதனை உணர்ந்த கெல்சி ஓஸ்குட் என்பவர் 2013இல் எழுதிய நூலிலே எண்களையும் வழிமுறைகளையும் வேண்டுமென்றே தவிர்த்தார். எல்லா விபரங்களையும் கொட்டிவிடுவதே யதார்த்தம் என்போர் சிந்திக்க வேண்டிய இடம் இது. இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்குமிடையே நாம் வகுப்பறையிற் கூறும் வேறுபாடு இங்கு உயிர்ப்பிரச்சினை ஆகிறது. எலும்புகளை எண்ணிக் காட்டுவது இயற்பண்பு. அந்த எலும்புகளைச் சுற்றி எந்த உறவுகள், எந்த அச்சங்கள், எந்தச் சந்தை நிற்கின்றன என்று காட்டுவதே யதார்த்தம்.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு குறை தெளிவாகிறது. பட்டினியை எழுதிய இலக்கியம் வளமானது. மீட்சியை எழுதிய இலக்கியம் வறியது. காரணம் வெளிப்படை. பட்டினிக்கு உச்சகட்டம் உண்டு. மீட்சிக்கோ அது இல்லை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, விருப்பமின்றி எடுத்து வைக்கும் கவளங்கள். ஒரு மாதம் முன்னேறி இரு வாரம் பின்வாங்கும் மனம். பழைய தோழியின் நினைவு போல நோயின் நினைவு. இவற்றை அழகுபடுத்தாமலும் அலுப்பூட்டாமலும் எழுதுவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். உழைப்பை எழுதத் தெரிந்த எழுத்தாளருக்கே அது கைகூடும். மீட்சி என்பதும் ஒருவகை உழைப்பே.

ஆசிரியர்களும் மாணவர்களுமான நமக்கு இதில் நேரடியான பங்குண்டு. இந்நோயுடையோர் பெரும்பாலும் ஒழுங்கானவர், கடுமையாகப் படிப்பவர், குறை சொல்ல இடமில்லாதவர் என்று பெயரெடுத்தவராகவும் இருக்கக்கூடும். நாம் பாராட்டும் குணங்களே அவர்களது நோயின் கருவிகளாகின்றன. உடல் மெலிந்ததைப் புகழ்வதும், பருத்ததைக் கேலி செய்வதும் பாடசாலைகளில் விளையாட்டாகக் கொள்ளப்படுகின்றன. 'மன உறுதி இருந்தால் எல்லாம் முடியும்' என்று நாம் கூறும் சொல்லும் அவர்களுக்குப் பயன்படாது. மன உறுதி மிகுந்தே அவர்கள் மெலிகிறார்கள். நலம் பெற விரும்பாத மாணவியைக் கண்டு, நன்றியற்றவள் என்றோ பிடிவாதக்காரி என்றோ தீர்ப்பளிக்காது, அவளது இரு கடிதங்களையும் வாசிக்கப் பழகவேண்டும். அதேவேளை அவள் விரும்பும் நாள் வரட்டும் என்று வாளாவிருக்கவும் கூடாது. பெற்றோரையும் வைத்தியரையும் காலந்தாழ்த்தாது நாடுவது நமது கடமை.

வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளில் நோயாளியின் விருப்பம் தளரும்போது, வைத்தியனும் மருந்தும் தனித்துப் பயன் தருவதில்லை. அப்பொழுது பாரம் முழுவதும் நான்காமவர் மீது விழுகிறது: உடனிருந்து உதவுவோர். பட்டினிக் கலைஞனின் கூண்டருகே இல்லாதிருந்தவர் அவரே. எல்லன் வெஸ்ட்டைச் சுற்றி நிபுணர்கள் நிறைந்திருந்தும், அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. அவ்விடத்தை நிரப்பும் மனிதரை நம் எழுத்தாளர் இனித்தான் படைக்கவேண்டும். வகுப்பறையிலும் வீட்டிலுமோ, அவ்விடம் இன்றே நமக்காகக் காத்திருக்கிறது.